இரட்டைப் பிள்ளைகள் போல இரண்டு கிட்டார்: எதை வாங்குவது?

போன வைகாசியில் ஒரு பின்னேரம், தங்கச்சி மகன் மழையில் தொப்பலாக நனைந்து வந்து எங்கள் இஸ்தோப்பில் நின்றான். தலையைக்கூடத் துவட்டவில்லை, போனை நீட்டினான். திரையில் இரண்டு மின்கிட்டார்கள். இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் ஒரே வளைவு, ஒரே கொம்பு. "மாமா, ரெண்டும் ஒன்னுதானே? பிறகு ஏன் இது மட்டும் இவ்வளவு விலை கூட?" என்றான். ஒன்று யமஹா பசிபிகா 012, மற்றது பசிபிகா 112வி.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் இந்தக் கேள்வியோடு வரும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒருவனுக்குத் தேர்த் திருவிழாவில் வாசிக்கும் இசைக்கோஷ்டி. ஒருத்திக்கு ஞாயிற்றுக்கிழமைப் பாடகர் குழு. இவர்கள் பார்க்கும் வீடியோக்களில் பேசுகிறவர்கள் எல்லாம் ஈரமில்லாத, ஒழுங்காக வயர் இழுத்த அறைகளில் இருந்து பேசுகிறார்கள். நம் லயத்துக் காம்பராவுக்கு அந்தப் புத்திமதி பாதிதான் பொருந்தும். மருமகனோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் இரண்டுக்கும் பொதுவானதை ஒரு தாளில் எழுதி அடித்துவிடுங்கள். 012, 112வி இரண்டிலும் கம்பியின் ஓடுநீளம் 25½ அங்குலம், அதாவது 648 மில்லிமீற்றர். இரண்டிலும் 22 பிரெட், மேப்பிள் மரத்து நெக். கழுத்துப் பக்கமும் நடுவிலும் ஒற்றைச் சுருள் பிக்கப், பிரிட்ஜ் பக்கத்தில் இரட்டைச் சுருள் ஹம்பக்கர். ஐந்து நிலை சுவிட்ச் ஒன்று, வொல்யூம் ஒன்று, டோன் ஒன்று. ஆகவே உங்கள் இடது கைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே கிட்டார்தான். 012இல் பழகிய விரல் 112விக்கு மாறும்போது எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. "விலை குறைந்ததை வாங்கினால் கை கெட்டுப் போகும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2. பிறகு வித்தியாசத்தை எழுதுங்கள். இந்த இரண்டுக்கும் அது நான்கு வரிக்குள் முடிந்துவிடும். 112வியின் உடல் ஆல்டர் மரம். 012க்கு நீண்ட காலம் அகாதிஸ் போன்ற விலை குறைந்த மரமே வந்தது. 112வியின் பிக்கப்பில் அல்நிக்கோ காந்தம், 012இல் செராமிக் காந்தம். 112வியின் டோன் குமிழை வெளியே இழுத்தால் ஹம்பக்கரின் ஒரு சுருள் அணைந்து அது ஒற்றைச் சுருளாகப் பாடும், 012இல் அந்த வசதி இல்லை. கம்பி உட்காரும் சேடில்கள் 112வியில் கனமான கட்டிகள். கூடுதல் காசு போவது இவற்றுக்குத்தான்.

அல்நிக்கோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் என்ற மூன்றின் பெயர்களையும் சேர்த்து வைத்த பெயர். அதன் ஒலி கொஞ்சம் உருண்டு வரும், மெல்ல மீட்டினால் மெல்லவும் அழுத்தி மீட்டினால் உரக்கவும் கேட்கும். செராமிக் எடுத்த எடுப்பிலேயே கூர்மையாக வரும். சத்தத்தை உடைத்து வாசிக்கிறவர்களுக்கு அது பிடிக்கும். மரத்தின் வித்தியாசத்தைப் பற்றி நாள் முழுக்க வாதாடுகிறவர்கள் உண்டு. மின்கிட்டாரில் காதுக்கு முதலில் எட்டுவது பிக்கப்பும் அம்ப் என்ற ஒலிபெருக்கியும்தான். மரம் அதற்குப் பிறகு.

3. எந்தப் பாட்டுக்கு வாங்குகிறீர்கள் என்பதைக் கடைக்குப் போகுமுன் முடிவு செய்யுங்கள். பைலாவுக்கும் பழைய சிங்களப் பாட்டுக்கும் துலக்கமான, மணி போன்ற ஒலி வேண்டும். 1960களில் சிங்கள இசைக்குள் மின்கிட்டாரைக் கொண்டுவந்தவர் என்று பெயர் பெற்ற கிளாரன்ஸ் விஜேவர்தன, நம் மலைப்பக்கத்து ஹப்புத்தளையில் பிறந்தவர். மலைநாட்டுக்கு இந்தக் கருவி நேற்று வந்த விருந்தாளி அல்ல. அவர் காலத்துப் பாட்டுகளை வாசிக்க ஆசை என்றால் ஒற்றைச் சுருள் பிக்கப்பின் ஒலியைத் தேடுங்கள். அது இரண்டு கிட்டாரிலும் இருக்கிறது. திருவிழா மேடையில் தப்புக்கும் ட்ரம்ஸுக்கும் கீபோட்டுக்கும் நடுவே கேட்க வேண்டுமென்றால் பிரிட்ஜ் பக்கத்து ஹம்பக்கர்தான் கைகொடுக்கும். அதுவும் இரண்டிலும் இருக்கிறது.

4. இனி வருவதுதான் முக்கியம், இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. உங்கள் வீட்டுக் கரண்ட் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகு கிட்டாரைத் தெரிவு செய்யுங்கள்.

ஒற்றைச் சுருள் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிதான். கிட்டார் கம்பியின் அதிர்வைப் பிடிப்பது போலவே சுவருக்குள் ஓடும் வயரின் ரீங்காரத்தையும் அது பிடிக்கும். நம் நாட்டுக் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த இரைச்சலின் இரட்டிப்பு 100 ஹெர்ட்ஸ். ஆறாம் கம்பியில் மூன்றாம் பிரெட்டை அழுத்தினால் வரும் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். அதனால்தான் ஜி கோர்ட் பிடிக்கும்போது அடியில் ஒரு வண்டு கூடவே பாடுவது போல இருக்கிறது. இதை ஒழிக்கத்தான் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் என்ற பொறியியலாளர் 1955இல் இரட்டைச் சுருளைக் கண்டுபிடித்தார். இரண்டு சுருளையும் எதிரெதிராகச் சுற்றிக் காந்தத்தையும் எதிரெதிராக வைத்தால், இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும், பாட்டு மட்டும் மிஞ்சும்.

இப்போது நம் கணக்குக்கு வாருங்கள். 112விக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு, அந்த இரட்டைச் சுருளை ஒற்றையாக்கும் குமிழுக்குப் போகிறது. குமிழை இழுத்த உடனே இரைச்சலும் திரும்பி வந்துவிடும். ஏர்த் சரியில்லாத, ஒரே வயரில் ரீவி, கேத்தல், டியூப் லைட் எல்லாம் தொங்கும் காம்பராவில் அந்தக் குமிழை நீங்கள் இழுக்கவே மாட்டீர்கள். முதலில் வீடு, பிறகு குமிழ். மருமகனுக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்ப எலக்ட்ரீஷியனுக்குத்தான் முதல்ல காசு குடுக்கணுமா மாமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

5. ஏர்த் சோதிக்காத பிளக்கில் மின்கிட்டாரைப் பூட்டாதீர்கள். கிட்டாரின் கம்பிகள் அம்பின் ஏர்த்தோடு தொடுக்கப்பட்டவை. அம்பிலோ வயரிலோ கசிவு இருந்தால், ஈரச் சிமெந்துத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளையின் உடம்பு வழியாகக் கரண்ட் மண்ணுக்கு இறங்கும். கம்பியைத் தொடும்போது விரலில் மெல்லச் சுள்ளென்றாலோ எறும்பு ஊர்வது போல இருந்தாலோ "கொஞ்சம்தானே" என்று வாசிக்க வேண்டாம். சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, வயரிங் தெரிந்தவரை அழையுங்கள். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்றும் பாருங்கள். மூன்று முனைப் பிளக்கில் ஏர்த் முனையை உடைத்துப் போடுவதும், பேனா மூடியைத் துளைக்குள் குத்தி இரண்டு முனைப் பிளக்கைத் திணிப்பதும் நம் லயங்களில் கண்ணால் காண்கிற வழக்கம். கிட்டார் வைத்திருக்கும் வீட்டில் அது கூடவே கூடாது. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

6. இரைச்சலுக்குக் காசில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. அம்பைப் போட்டு, ஒற்றைச் சுருளைத் தெரிந்து, கிட்டாரை மாட்டியபடி மெல்ல மெல்லச் சுற்றி நில்லுங்கள். ஒரு திசையில் இரைச்சல் ஏறும், ஒரு திசையில் இறங்கும். இறங்கும் இடத்தில் சோக்கால் தரையில் ஒரு கோடு போட்டு, கதிரையை அந்தப் பக்கம் பார்த்து வையுங்கள். போன் சார்ஜரை அம்பிலிருந்து தள்ளி வேறு பொயின்டில் செருகுங்கள்.

7. கடையில் முதலில் அம்ப் இல்லாமல் வாசியுங்கள். ஒவ்வொரு கம்பியையும் முதல் பிரெட்டிலிருந்து 22வது வரை ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டுங்கள். எங்காவது 'சர்'ரென்று உரசினால், சுரம் பாதியில் செத்தால் அந்த இடத்தைக் கடைக்காரருக்குக் காட்டுங்கள். நெக்கின் ஓரத்தில் கையை மேலிருந்து கீழே தடவுங்கள். பிரெட்டின் நுனி ஊசி போல உள்ளங்கையைக் கீறினால் அது நன்றாகத் தேய்க்கப்படாத கிட்டார். இந்தச் சோதனையில் விலை குறைந்தது விலை கூடியதை வென்றுவிடும் நாளும் உண்டு. ஒரே மொடலில் இரண்டு கிட்டார் இருந்தால் இரண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். தொழிற்சாலையில் ஒரே நாளில் இறங்கியவற்றிலும் ஒன்று கைக்கு இதமாக இருக்கும், மற்றது இருக்காது.

8. பிறகு இரண்டையும் ஒரே அம்பில், குமிழ்களை அசைக்காமல் வாசியுங்கள். ஒன்றுக்கு அம்பைக் கூட்டியும் மற்றதற்குக் குறைத்தும் வாசித்துக் காட்டினால் உரக்கக் கேட்டதுதான் நல்லது என்று காது முடிவு செய்துவிடும். எங்கள் வழி இது. மருமகனைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லிவிட்டு நான் இரண்டையும் மாற்றி மாற்றி ஒரே நாலு கோர்ட் வாசித்தேன். பத்துத் தடவையில் 'இது பிடித்திருக்கிறது' என்று அவன் கை தூக்கியபோதெல்லாம் குறித்துக்கொண்டேன். மென்மையாக வாசித்தபோது பெரும்பாலும் 112விக்குத்தான் கை உயர்ந்தது. சத்தத்தை உடைத்து வாசித்தபோது இரண்டுக்கும் மாறி மாறி உயர்ந்தது. உங்கள் பிள்ளைக்கு வேறு மாதிரி வரலாம். கண்ணை மூடிக் கேட்கவிடுங்கள், பெட்டியில் ஒட்டியிருக்கும் விலையைப் பார்க்கவிடாதீர்கள்.

9. சுவிட்சையும் குமிழையும் வேகமாகத் திருப்பிக் கேளுங்கள். கரகரப்பு இருந்தால் தூசி, சுத்தம் செய்யலாம். சத்தம் அறுந்து அறுந்து வந்தால் உள்ளே பற்றாசு விட்டிருக்கிறது. அதைக் கடையிலேயே சரிசெய்து தரச் சொல்லுங்கள். கேபிள் பூட்டும் துளையில் கேபிளை மெல்ல ஆட்டிப் பாருங்கள்.

10. சுருதி நிற்கிறதா என்பதை நெம்புகோலால் சோதியுங்கள். போனில் டியூனர் அப் போட்டு ஆறு கம்பியையும் சரிசெய்து, பிரிட்ஜில் இருக்கும் ட்ரெமலோ நெம்புகோலைப் பத்துத் தடவை அழுத்திவிட்டுப் பிறகு பாருங்கள். இரண்டு மொடலிலும் கொஞ்சம் நழுவும். ஆனால் ஒன்று மற்றதைவிட மிக மோசமாக நழுவினால், தலைப்பக்கத்தில் கம்பி உட்காரும் நட்டில் அது சிக்குகிறது என்று அர்த்தம். காரீயப் பென்சிலின் பொடியை நட்டின் பள்ளத்தில் தடவினால் பாதி குறையும். புதிதாகப் பழகும் பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் அந்த நெம்புகோல் தேவையே இல்லை. கழற்றிப் பைக்குள் வையுங்கள். பின் பக்கத்து ஸ்பிரிங்குகளை இறுக்கிப் பிரிட்ஜை உடலோடு படியவிட்டால் சுருதி நாள் முழுக்க நிற்கும்.

11. கையில் இருக்கும் காசை கிட்டார், அம்ப், மிச்சம் என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். மிச்சம் என்பது கேபிள், தோள்வார், பை, இரண்டு செட் கம்பி, வயரிங் செலவு. 112வியை வாங்கிவிட்டு அம்புக்குக் காசில்லாமல் ரீவியிலோ பழைய ரேடியோவிலோ பூட்டுகிறவனைவிட, 012ஓடு ஒழுங்கான சிறிய அம்ப் வைத்திருப்பவனின் ஒலி நன்றாக இருக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்பும் வயரிங்கும் ஏற்கெனவே சரியாக இருக்கிறது, இன்னும் காசும் இருக்கிறது என்றால், யோசிக்காமல் 112வி எடுங்கள். அந்தப் பிக்கப்பும் சேடிலும் கொடுக்கும் காசுக்குத் தகும். சில வருடம் கழித்து "இன்னும் நல்லது வாங்கணும்" என்ற அரிப்பும் வராது.

12. தீபாவளி முற்பணத்தில் கிட்டார் வாங்காதீர்கள். அந்தக் காசு பிறகு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டப்படும். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆவதற்கே எத்தனை வருடம் போராட வேண்டியிருந்தது என்று கொழுந்து பறிக்கும் நம் அம்மாமாருக்குத் தெரியும். அவர்களின் படங்குக்கும் கொழுந்துக் கூடைக்கும் நடுவிலிருந்து வருகிற காசு அது. சீட்டுப் போட்டு வாங்கலாம். கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் பாதி போட, பிள்ளை லீவுக்கு வேலை செய்து பாதி சேர்க்கலாம். பிள்ளை தானும் சேர்த்து வாங்கிய கிட்டாரைத் துடைத்து வைக்கும் விதமே வேறு, அதை நான் பல வீட்டில் பார்த்திருக்கிறேன்.

13. பழைய கிட்டார் வாங்கப் போனால் கரண்ட் இருக்கும் இடத்தில் சந்தியுங்கள். பஸ் ஸ்டாண்டில் பையைத் திறந்து பார்த்து வாங்குவது வேண்டாம். சேடில் திருகாணிகள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றனவா, முதல் மூன்று பிரெட்டில் கம்பி பள்ளம் தோண்டியிருக்கிறதா, நெக் முறுகியிருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடி, துப்பாக்கி பார்ப்பது போல நெக்கின் ஓரம் வழியாகப் பார்த்தால் முறுக்கு தெரியும். வளைவைச் சரிசெய்யலாம். முறுக்கை நம் கையால் சரிசெய்ய முடியாது. நல்ல நிலையில் இருக்கும் பழைய 112வி, புதிய 012இன் விலைக்குக் கிடைத்தால் அதுவே எல்லாவற்றிலும் நல்ல பேரம்.

14. கீழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த கிட்டாரை அன்றைக்கே குறை சொல்லாதீர்கள். கொழும்பின் வெக்கையிலிருந்து ஹட்டனுக்கு ஏறினால் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீற்றர், நுவரெலியாவுக்கு 1,868 மீற்றர். குளிரும் ஈரமும் மாறும்போது மரமும் மாறும். பையைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் வீட்டுக்குள் வையுங்கள். ஓரிரு நாள் விட்டுச் சுருதி பாருங்கள். ஒரு கிழமைக்குள் கம்பி உயர்ந்தாலோ உரசினாலோ அது கிட்டாரின் குற்றம் அல்ல, நெக் நம் ஊருக்குப் பழகுகிறது. வாங்கும் கடையில் ஒரு மாதத்துக்குப் பிறகு இலவசமாகச் செட் பண்ணித் தருவீர்களா என்று காசு கொடுக்குமுன் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

15. நெக்கின் வளைவை நீங்களே அளக்கலாம். முதல் பிரெட்டிலும் கடைசிப் பிரெட்டிலும் ஆறாம் கம்பியை அழுத்திப் பிடியுங்கள். ஏழாம் எட்டாம் பிரெட்டுக்கு மேல் கம்பிக்கும் பிரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்ட் மட்டுமட்டாக நுழையும் இடைவெளி இருந்தால் போதும். இடைவெளி அதிகம் என்றால் நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ரொட்டை அலன் சாவியால் வலஞ்சுழியாகக் கால் சுற்று, அவ்வளவுதான். பிறகு ஒரு இரவு விட்டுவிட்டுத் திரும்பப் பாருங்கள். இறுகி நின்றால் முறுக்காமல் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

16. எங்கே வைப்பது என்பதில்தான் நம் பக்கத்துக் கிட்டார்கள் சாகின்றன. என் முதல் கிட்டாரை நான் மேட்டுப் பக்கத்துச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். அந்தச் சுவருக்குப் பின்னால் மண்மேடு. ஆனி, ஆடி மழையில் சுவரே வியர்த்து வழியும். ஆவணியில் எடுத்துப் பார்த்தபோது கம்பிகள் செம்மண் நிறம். நெக்கின் பின்புறம் வெள்ளைப் பூஞ்சணம், சுரம் ஒன்றும் சேரவில்லை. அந்தப் பூஞ்சணத்தின் வாசம் இன்னும் என் மூக்கில் நிற்கிறது.

கிட்டாருக்கு ஏற்ற ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் நம் பக்கத்தில் அதைக் கனவில்தான் காணலாம். அதனால் வெளிச்சுவரில் சாய்க்கவோ தொங்கவிடவோ வேண்டாம், இரண்டு காம்பராவுக்கும் நடுவிலுள்ள உட்சுவரே நல்லது. அடுப்படிச் சூடு நல்லதென்று விறகடுப்புக்கு மேலேயும் வைக்க வேண்டாம். புகைக்கரி பிக்கப்புக்குள் இறங்கும், சூடு மரத்தைப் பிளக்கும். மழை மாதத்தில் பைக்குள் வைத்து, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துக் கூடவே போடுங்கள். அது இல்லையென்றால் வறுத்து ஆறவைத்த அரிசியை மெல்லிய துணியில் முடிந்து போடுங்கள், கிழமைக்கொருமுறை மாற்றுங்கள். வெயில் அடிக்கும் நாளில் பையை விரித்துக் காயவைக்க வேண்டும், கிட்டாரை வெயிலில் வைக்கக்கூடாது. இதில் 012க்கும் 112விக்கும் பேதமில்லை. அல்நிக்கோவோ செராமிக்கோ, ஈரம் விலை பார்ப்பதில்லை.

17. வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் பழைய பருத்தித் துணியால் மேலும் கீழும் பிடித்துத் துடையுங்கள். வியர்வையும் மூடுபனியும் சேர்ந்தால் ஒரே கிழமையில் துரு ஏறும். பூச்சுப் பூசிய கம்பி விலை கூட, ஆனால் நம் ஈரத்தில் பல மடங்கு நாள் உழைக்கும். எனக்கு அதுதான் சிக்கனம்.

18. றோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும் வழியில் மழை பிடிக்கும் என்பதை மனதில் வைத்தே பையை வாங்குங்கள். மெல்லிய நைலோன் பைக்கு மேல், கீழ்ப்பக்கம் கிழிக்காத பெரிய பொலித்தீன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கட்டினால் போதும். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பொலித்தீனைக் கழற்றிவிடுங்கள். உள்ளே ஈரம் அடைபட்டுக் கிடக்கக்கூடாது.

19. இடி முழங்கினால் அம்பின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்து இடிமழைக்கு மலைநாடு பேர்போனது. ரீவி, அம்ப் இரண்டும் ஒரே மின்னலில் போன வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

20. பக்கத்துக் காம்பராவை மறக்காதீர்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள், நடுவே ஒரு சுவர்தான். காலையில் பெரட்டுக்குப் போக வேண்டிய அக்கா அந்தப் பக்கம் தூங்குவார். 10 அல்லது 15 வொட் அம்பே நமக்கு அதிகம், ஹெட்போன் துளை இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். அம்பைச் சுவரோடு ஒட்டாமல், தரையில் நேராக வைக்காமல், ஒரு மடித்த சாக்கின் மேல் வையுங்கள். அடித் தொனி சுவர் வழியாகப் போவது குறையும்.

21. வேறு இரண்டு மொடல் என்றாலும் கேள்விகள் இவைதான். ஸ்குவையரில் புல்லட்டா அபினிட்டியா என்று கேட்பார்கள். ஸ்குவையர், பெண்டர் நிறுவனத்தின் விலை குறைந்த வரிசை. புல்லட்டின் இடத்துக்கு 2023இல் சோனிக் வந்தது. அங்கேயும் முதலில் பொதுவானதை அடித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்: உடலின் கனம், பிக்கப், பிரிட்ஜ், டியூனிங் சாவி. மூன்று ஒற்றைச் சுருள் உள்ள மொடலா, பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் உள்ள மொடலா என்று தடுமாறினால், ஏர்த் நன்றாக இல்லாத வீட்டுக்கு ஹம்பக்கர் உள்ளதையே சொல்வேன்.

22. மருமகன் கடைசியில் எடுத்தது 012. மிச்சக் காசில் ஹெட்போன் துளையுள்ள ஒரு சிறிய அம்ப், நீளக் கேபிள், ஏர்த் கம்பி புதைக்க எலக்ட்ரீஷியனுக்குக் கூலி. தங்கச்சி முதலில் முகம் சுளித்தாள், "கிட்டாருக்குன்னு சேத்த காச மண்ணுக்குள்ள புதைக்கிறீங்களே அண்ணா" என்றாள். ஏர்த் போட்ட பிறகு வீட்டு ரேடியோவின் கரகரப்பும் குறைந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பசிபிகாவின் தலையில் யமஹா என்று வாசித்துவிட்டு, "இது மோட்டார் சைக்கிள் கம்பனி தானே?" என்று மட்டும் கேட்டாள். 1887இல் ஜப்பானில் ஹார்மோனியம் போன்ற ரீட் ஓர்கன் செய்யத் தொடங்கிய கம்பனி அது, அதன் சின்னத்தில் குறுக்காக இருக்கும் மூன்றும் இசைக்கவைகள் என்று சொன்னேன். மகனின் கிட்டாரைக் கையில் வாங்கி அந்தச் சின்னத்தை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

23. கடைசியாக ஒன்று: முதலில் அறுவது பெரும்பாலும் மெல்லிய முதல் கம்பிதான். செட்டாக வாங்கும்போதே தனி முதல் கம்பி மூன்றும் கேட்டு வாங்கி, மெழுகுத்தாளில் சுற்றி, பையின் சின்ன ஜிப்புக்குள் போட்டு வையுங்கள். திருவிழா இரவில் மேடையில் கம்பி அறுந்தால் ஹட்டன் டவுனில் ஒரு கடையும் திறந்திருக்காது.